சர்வரில் போய்ச் சமைக்க வேண்டாம்: நோட்.ஜேஎஸ் ஆப்பை லினக்ஸில் எப்படி நிறுவ வேண்டும்?

2022 ஏப்ரல் 21 அன்று உபுண்டு 22.04 வெளியானது. ஐந்து வருடம் நம்பி ஓட்டலாம் என்று சொல்லப்படும் எல்டிஎஸ் பதிப்பு அது. அதில் ‘ஏபிடி இன்ஸ்டால் நோட்ஜேஎஸ்’ என்று அடித்தால் வந்து உட்கார்ந்தது நோட் 12. அந்த நோட் 12-க்கு அதை உருவாக்கிய குழு கொடுத்துவந்த ஆதரவு 2022 ஏப்ரல் 30 அன்று முடிந்துபோனது. புது வீட்டில் பால் காய்ச்சிய ஒன்பதாம் நாளே தண்ணீர் மோட்டாரின் வாரண்டி முடிந்த கதைதான்.

யார் மேல் தப்பு? உபுண்டு மேலும் இல்லை, நோட் மேலும் இல்லை. இரண்டும் வேறு வேறு காலண்டரில் ஓடுகின்றன. நோட்டின் இரட்டைப்படை எண் பதிப்பு ஒவ்வொன்றுக்கும் கிடைக்கும் ஆயுள் சுமார் 3 வருடம். லினக்ஸ் பதிப்புகளோ ஐந்து வருடத்துக்கு எதையும் பெரிதாக மாற்றமாட்டேன் என்று வாக்குக் கொடுப்பவை. வெளியாவதற்குப் பல வாரங்கள் முன்பே ‘இனி புதுசு எதுவும் உள்ளே வராது’ என்று கதவைச் சாத்திவிடும்.

இது ஒருமுறை நடந்த விபத்தும் இல்லை. 2023 ஜூனில் வந்த டெபியன் 12-இல் இருந்தது நோட் 18. அதன் ஆயுள் 2025 ஏப்ரல் 30-இல் முடிந்தது. 2025 ஆகஸ்டில் வந்த டெபியன் 13-இல் நோட் 20. அதற்கு நோட் திட்டம் குறித்து வைத்த கடைசி நாள் 2026 ஏப்ரல் 30. பழைய பதிப்புக்குத் தேவையான பாதுகாப்புத் திருத்தங்களை டெபியன் குழுவினர் எடுத்து ஒட்டுவார்கள் என்பது உண்மை. ஆனால், உங்கள் ஆப் நம்பியிருக்கும் ஒரு லைப்ரரி ‘எனக்குப் புது நோட்தான் வேணும்’ என்று அடம்பிடித்தால் அந்த ஒட்டு வேலை உதவாது.

அதனால் டெவலப்பர்கள் லினக்ஸ் தரும் நோட்டைத் தொடுவதே இல்லை. நேரே சர்வருக்குள் நுழைந்து, எல்லாவற்றையும் சொந்தமாக ஏற்றிக்கொள்கிறார்கள். சிக்கல் அங்கேதான் ஆரம்பம். ஆயிரம் பேர் பயன்படுத்தும் ஒரு சேவை ஓடும் சர்வர், ஆப்பைத் தயாரிக்கும் பட்டறையாக மாறக் கூடாது. வேறு இடத்தில் தயாரித்து, சோதித்து, மூடி முத்திரை வைத்த ஒரே பேக்கேஜாக ஆப் அங்கே போய்ச் சேர வேண்டும். அதுவும் அந்த லினக்ஸுக்கு அடையாளம் தெரிந்த வடிவத்தில். ஏன் என்று பார்ப்போம்.

பொதுவாக என்ன நடக்கிறது?

சின்ன டீம்களில் இந்தக் காட்சி சகஜம். ஒருவர் எஸ்எஸ்ஹெச் வழியாக சர்வருக்குள் போவார். ‘கிட் புல்’ அடிப்பார். அடுத்து ‘என்பிஎம் இன்ஸ்டால்’. கடைசியாக ‘பிஎம்2 ரீஸ்டார்ட்’. பிரவுசரில் திறந்து பார்த்தால் ஆப் வருகிறது. ‘ஓடுதா? ஓடுது. அவ்வளவுதான், வேலை முடிஞ்சது’ என்று குழுவில் மெசேஜ் போய்விடும்.

நோட்டை எப்படி நிறுவினார்கள் என்று தோண்டினால் இன்னும் சுவாரசியம். பலர் பயன்படுத்துவது என்விஎம் என்ற கருவி. லேப்டாப்பில் நோட் 18, 20, 22 என்று மாற்றி மாற்றிப் பயன்படுத்த அது அருமையானது. ஆனால் அது நோட்டை நிறுவுவது யார் கமாண்ட் அடித்தாரோ அவருடைய ஹோம் ஃபோல்டருக்குள். சர்வரிலும் அதையே செய்தால், மொத்தக் கம்பெனியின் சேவையும் ஒரு ஊழியரின் ஹோம் ஃபோல்டருக்குள் இருக்கும் நோட்டை நம்பி ஓடும். அவர் வேலையை விட்டுப் போகிறார். விதிப்படி அவர் கணக்கை ஃபோல்டரோடு நீக்குகிறார்கள். அன்றைக்கு ஒன்றும் ஆகாது. ஓடிக்கொண்டிருக்கும் புரொசஸ் மெமரியில்தான் இருக்கிறது. அடுத்த முறை சர்வர் ரீபூட் ஆகும் இரவில்தான் தெரியும், திரும்பி எழுந்திருக்க அங்கே நோட்டே இல்லை என்று.

இது யாருடைய திறமைக் குறைவும் அல்ல. சர்வரில் எந்த ஃபைல் எங்கிருந்து வந்தது, யார் வைத்தது, எந்தப் பதிப்பு என்பதற்கு எழுத்துப்பூர்வமான கணக்கே இல்லை என்பதுதான் இங்குள்ள குறை. லினக்ஸில் அந்தக் கணக்கை எழுத வேண்டியது பேக்கேஜ் மேனேஜர். மேற்சொன்ன வழியில் போனால், அதற்கு உங்கள் ஆப் இருப்பதே தெரியாது.

‘என்பிஎம் இன்ஸ்டால்’ அடிக்கும் அந்த இரண்டு நிமிடம்

அந்த ஒரு கமாண்டுக்குப் பின்னால் மூன்று விஷயங்கள் நடக்கின்றன. முதலாவது, நூற்றுக்கணக்கான பேக்கேஜ்கள் இணையத்திலிருந்து இறங்குகின்றன. இரண்டாவது, லாக் ஃபைல் இல்லாவிட்டால், எந்தப் பதிப்பு இறங்க வேண்டும் என்பது அந்த நிமிடம்தான் முடிவாகிறது. பட்டியலில் பதிப்பு எண்ணுக்கு முன்னால் ‘^’ குறி இருந்தால், ‘இதற்கு மேல் சின்ன அப்டேட் வந்திருந்தால் அதையே எடு’ என்று பொருள். நேற்று சோதித்தது ஒன்று, இன்று சர்வரில் இறங்குவது வேறொன்று என்று ஆகலாம். மூன்றாவது, இறங்கும் பேக்கேஜ்கள் தங்கள் ஸ்கிரிப்ட்களை, கமாண்ட் அடித்தவரின் அதிகாரத்தோடு ஓட்ட முடியும்.

இந்த மூன்றும் வெறும் பயமுறுத்தல் இல்லை. 2016 மார்ச்சில் ஒரு டெவலப்பர், பெயர் தொடர்பான தகராறில் கோபித்துக்கொண்டு, என்பிஎம்மில் தான் போட்டிருந்த 250-க்கும் மேற்பட்ட பேக்கேஜ்களை நீக்கினார். அதில் ஒன்று ‘லெஃப்ட்-பேட்’. மொத்தமே 11 வரி. எழுத்துகளுக்கு இடது பக்கம் இடைவெளி சேர்ப்பதுதான் அதன் வேலை. அந்த 11 வரி காணாமல் போனதும் பேபல் போன்ற பெரிய கருவிகளை நிறுவும் வேலை உலகம் முழுக்க நின்றுபோனது. சில மணி நேரத்துக்குள் அதைத் திரும்பக் கொண்டுவந்தார்கள். நீக்குவதற்கான விதிகளையும் பிறகு இறுக்கினார்கள்.

2018-இல் நடந்தது வேறு ரகம். ‘ஈவன்ட்-ஸ்ட்ரீம்’ என்ற பிரபலமான பேக்கேஜைப் பராமரித்தவருக்கு அதில் ஆர்வம் போய்விட்டது. ‘நான் பார்த்துக்கறேன்’ என்று வந்த முகம் தெரியாத ஒருவரிடம் சாவியைக் கொடுத்தார். வந்தவர் அதற்குள் இன்னொரு பேக்கேஜைச் சேர்த்தார். அது கோபே என்ற பிட்காயின் வாலட்டைக் குறிவைத்துத் திருடும் கோடைச் சுமந்து வந்தது.

2025 செப்டம்பரில் ‘சாக்’, ‘டீபக்’ உள்ளிட்ட 18 பேக்கேஜ்களைப் பராமரிப்பவர் ஒரு ஃபிஷிங் மெயிலில் சிக்கினார். அந்த 18-ம் சேர்ந்து வாரத்துக்கு 200 கோடி முறைக்கு மேல் டவுன்லோட் ஆகிறவை. அதே மாதம் ‘ஷாய்-ஹுலூத்’ என்ற புழு கிளம்பியது. நிறுவும் நேரத்தில் தானாக ஓடும் ஸ்கிரிப்ட்தான் அதன் வாசல். உள்ளே வந்ததும் ரகசிய டோக்கன்களைத் தேடியது. கிடைத்த டோக்கனை வைத்து அந்த டெவலப்பரின் மற்ற பேக்கேஜ்களுக்குள்ளும் புகுந்தது.

வாடிக்கையாளர்களின் டேட்டாபேஸ் பாஸ்வேர்ட் இருக்கும் அதே சர்வரில், அதே பயனர் கணக்கில், இப்படிப்பட்ட ஸ்கிரிப்ட்களை ஓடவிடுவது எவ்வளவு பெரிய ரிஸ்க்? பந்தியில் இலை போட்ட பிறகு அரிசி வாங்கக் கடைக்கு ஓடுவது போல. கடை பூட்டியிருக்கலாம், அரிசியில் கல் இருக்கலாம், பார்த்துப் பொறுக்க நேரம் இருக்காது.

லாக் ஃபைல் இருக்கே, போதாதா?

நியாயமான கேள்வி. ‘பேக்கேஜ்-லாக்’ ஃபைல் ஒவ்வொரு பேக்கேஜின் சரியான பதிப்பையும், அதன் ஹாஷ் எண்ணையும் குறித்து வைக்கிறது. ‘என்பிஎம் சிஐ’ என்ற கமாண்ட் அந்தப் பட்டியலை அப்படியே பின்பற்றும். ஒரு எழுத்து மாறினாலும் நின்றுவிடும். இதைப் பயன்படுத்தாத டீம் இன்றே ஆரம்பிக்க வேண்டும். ‘இக்னோர்-ஸ்கிரிப்ட்ஸ்’ என்ற ஆப்ஷனைச் சேர்த்தால் தானாக ஓடும் ஸ்கிரிப்ட்களையும் தடுக்கலாம்.

ஆனால் இதையே சர்வரில் போய் அடித்தால் வேறு தொல்லை. ‘என்பிஎம் சிஐ’ செய்யும் முதல் வேலை, ஏற்கெனவே இருக்கும் ‘நோட் மாட்யூல்ஸ்’ ஃபோல்டரை முழுசாக அழிப்பது. ஆப் ஓடிக்கொண்டிருக்கும்போதே அதன் காலடியிலிருக்கும் பலகையை உருவுவதற்குச் சமம். பாதியில் நெட் போனால், பழையதும் இல்லை, புதியதும் இல்லை.

அடுத்தது, சி++ கோட் கலந்த பேக்கேஜ்கள். பாஸ்வேர்டை ஹாஷ் செய்யும் ‘பிகிரிப்ட்’, படங்களைச் சுருக்கும் ‘ஷார்ப்’ போன்றவை இந்த வகை. முன்கூட்டியே கம்பைல் செய்த ஃபைல் கிடைக்காவிட்டால் இவை அங்கேயே கம்பைல் ஆக வேண்டும். அதற்கு சர்வரில் பைத்தான், மேக், சி++ கம்பைலர் எல்லாம் வேண்டும். வெளியிலிருந்து ஒருவன் உள்ளே புகுந்துவிட்டால், அவனுக்கும் அதே கருவிகள் தயாராகக் காத்திருக்கும்.

இப்படிக் கம்பைல் ஆனவற்றில் பல நோட் பதிப்போடு பின்னிப் பிணைந்தவை. நோட் 18-இன் உள் எண் 108, நோட் 20-இன் உள் எண் 115. ஒன்றுக்காகக் கம்பைல் செய்த அப்படிப்பட்ட ஃபைலை மற்றதில் போட்டால் ‘மாட்யூல் வெர்ஷன்’ பொருந்தவில்லை என்று ஆப் விழுந்துவிடும். சர்வரில் யாரோ நோட்டை மட்டும் அப்டேட் செய்துவிட்டு, மாட்யூல்களை மறந்த நாளில் வருவது இந்தத் தவறுதான்.

டெபியன் சொல்லும் வழி

லினக்ஸ் உலகின் பெரியவர்கள் இதற்கெல்லாம் என்ன சொல்கிறார்கள்? 1993-இல் தொடங்கிய டெபியன் திட்டத்தின் விதிகள் கறாரானவை. முதன்மைத் தொகுப்பில் இருக்கும் எந்த பேக்கேஜையும் உருவாக்கும்போது இணையத்தைத் தொடக் கூடாது. சோர்ஸ் கோட் முழுசாக இருக்க வேண்டும். சுருக்கி நசுக்கிய ஜாவாஸ்கிரிப்ட் ஃபைலைக் காட்டி ‘இதுதான் சோர்ஸ்’ என்று சொல்ல முடியாது. ஒவ்வொரு லைப்ரரியும் தனி பேக்கேஜாக, முடிந்தவரை ஒரே பதிப்பாக இருக்க வேண்டும். ஒரு லைப்ரரியில் ஓட்டை கண்டுபிடிக்கப்பட்டால், ஒரே இடத்தில் அடைத்தால் போதும். அதைப் பயன்படுத்தும் எல்லா ஆப்பும் பிழைத்துக்கொள்ளும்.

சி மொழியில் எழுதிய நிரல்களுக்கு இது அழகாக வேலை செய்தது. ஆனால் 2009-இல் பிறந்த நோட் உலகம் வேறு மாதிரி வளர்ந்தது. அங்கே 11 வரிக்கு ஒரு பேக்கேஜ். ஒரே ஆப்பில் ஒரே லைப்ரரியின் நாலு பதிப்புகள் பக்கத்துப் பக்கத்தில் இருக்கும். யாருக்கும் கவலை இல்லை. ஆயிரம் லைப்ரரிகளை ஆயிரம் டெபியன் பேக்கேஜாக, அதுவும் தன்னார்வலர்கள் உட்கார்ந்து மாற்றுவது நடக்கிற காரியமா?

இரண்டு உலகங்களும் முதலில் மோதிக்கொண்டது ஒரு பெயருக்காக. ‘நோட்’ என்ற கமாண்ட் பெயர் டெபியனில் ஏற்கெனவே இருந்தது. அமெச்சூர் ரேடியோக்காரர்கள் பயன்படுத்தும் ஒரு நிரலின் பெயர் அது. டெபியனின் தொழில்நுட்பக் குழு வரை விவகாரம் போய், 2012-இல், புதியவர் ‘நோட்ஜேஎஸ்’ என்ற பெயரில்தான் இருக்க வேண்டும் என்று முடிவானது. அதன் பலனாக, ‘நோட்’ என்று எழுதிய ஸ்கிரிப்ட்கள் டெபியனிலும் உபுண்டுவிலும் சில வருடங்களுக்கு முரண்டு பிடித்தன. பிறகு அந்த முடிவு திரும்பப் பெறப்பட்டது.

ரெட் ஹேட் வட்டாரத்தைச் சேர்ந்த ஃபெடோராவும் முதலில் லைப்ரரிக்கு ஒரு பேக்கேஜ் என்றுதான் போனது. ஃபெடோரா 34 காலத்தில் அது நிலைப்பாட்டை மாற்றியது. நோட் ஆப் என்றால், அதற்கு வேண்டிய லைப்ரரிகளை அந்த ஆப்பின் பேக்கேஜுக்குள்ளேயே கட்டிக் கொடுப்பதுதான் வழக்கமான முறை என்றாகிவிட்டது. விதிகளில் பிடிவாதமாக இருப்பவர்களே இறங்கிவந்த இடம் இது. ஒரு கம்பெனி தன் சொந்த ஆப்புக்கு இதைவிடக் கடுமையான விதியை வைத்துக்கொள்ளத் தேவையில்லை.

ஆனாலும், டெபியனின் பழைய விதிகளில் ஒன்றை மட்டும் விடக் கூடாது: தயாரிக்கும் இடமும் ஓடும் இடமும் வேறாக இருக்க வேண்டும், நடுவில் ஒரு இடைவெளி வேண்டும். 2024 மார்ச்சில் ‘எக்ஸ்இசட்’ என்ற சுருக்கும் கருவிக்குள் ஒரு கள்ளக்கதவு வைக்கப்பட்டிருந்தது வெளியே தெரிந்தது. எஸ்எஸ்ஹெச் உள்நுழைவு சுமார் அரை நொடி தாமதமாவதைக் கவனித்த ஆண்ட்ரெஸ் ஃபிராய்ண்ட் என்ற மைக்ரோசாஃப்ட் பொறியாளர்தான் அதைக் கண்டுபிடித்தார். அது டெபியனின் சோதனைப் பதிப்புகள் வரை வந்துவிட்டது. உலகம் முழுக்க சர்வர்களில் ஓடும் டெபியனின் நிலையான பதிப்புக்குள் நுழையவில்லை. வந்த அன்றே எல்லா சர்வருக்கும் போகாமல், இடையில் ஒரு காத்திருப்பு இருந்ததுதான் காப்பாற்றியது.

அப்போ டாக்கர்?

‘இதுக்குத்தானே டாக்கர் வந்துச்சு’ என்று பலரும் கேட்பார்கள். சரிதான். 2013-இல் வந்த டாக்கர், மேலே சொன்ன பாதிப் பிரச்னையைத் தீர்த்துவிட்டது. ஆப், லைப்ரரி, நோட் எல்லாவற்றையும் ஒரே இமேஜாகக் கட்டி, வேறு இடத்தில் தயாரித்து, அப்படியே கொண்டுபோய் ஓட்டலாம். குபர்நெட்டிஸ் வைத்து நூறு கன்டெய்னர் ஓட்டும் கம்பெனிக்கு அதுவே சரியான வழி. அங்கே டெப் பேக்கேஜ் கட்டுவது தேவையில்லாத சுமை.

ஆனால் எல்லோரும் அந்தக் கம்பெனி இல்லை. ஒரே ஒரு விபிஎஸ்ஸில் ஓடும் சேவைகள் இருக்கின்றன. ‘எங்க சர்வர்ல டாக்கருக்கு அனுமதி கிடையாது’ என்று சொல்லும் வங்கிகளும் அரசு அலுவலகங்களும் இருக்கின்றன. தொழிற்சாலையில், இணையமே இல்லாத அறையில் இருக்கும் கணினிகள் இருக்கின்றன. அங்கெல்லாம் ஒரு ஆப்புக்காக டாக்கரையும் சேர்த்துப் பராமரிப்பது கூடுதல் வேலை.

டாக்கருக்கு மாறினால் எல்லாம் தானாகச் சரியாகும் என்பதும் இல்லை. இமேஜுக்குள்ளும் ஒரு குட்டி லினக்ஸ் இருக்கிறது. அதற்கும் அப்டேட் வேண்டும். ‘லேட்டஸ்ட்’ என்று டேக் போட்டால், அது நேற்று காட்டியது ஒன்று, இன்று காட்டுவது வேறொன்று. நோட்டின் அதிகாரபூர்வ இமேஜில் ‘நோட்’ என்ற சாதாரணப் பயனர் தயாராக இருந்தும், மாற்றச் சொல்லாதவரை ஆப் ரூட்டாகத்தான் ஓடும். இமேஜ் சின்னதாக இருக்கட்டும் என்று ஆல்பைன் லினக்ஸை எடுத்தால், அதன் அடிப்படை லைப்ரரி ‘மசில்’. மற்ற லினக்ஸ்களில் இருப்பது ‘ஜிலிப்சி’. கம்பைல் ஆன மாட்யூல் ஒன்றில் ஓடும், மற்றதில் ஓடாது. கன்டெய்னரோ டெப்போ, மேலே இருக்கும் பெட்டி எது என்பது இரண்டாம் கேள்வி. உள்ளே இருப்பதற்கு யார் கணக்கு வைத்திருக்கிறார்கள் என்பதே முதல் கேள்வி.

கிபானா காட்டும் பாதை

இந்தப் பிரச்னையை நன்றாகக் கையாளும் ஒரு நிஜ உதாரணம், எலாஸ்டிக் நிறுவனத்தின் கிபானா. டேட்டாவை வரைபடமாகக் காட்டும் இந்த ஆப்பின் சர்வர் பகுதி நோட்டில் ஓடுவது. அதை டெப், ஆர்பிஎம் பேக்கேஜாகவே தருகிறார்கள். தனக்கு வேண்டிய நோட்டையும் உள்ளேயே வைத்துக் கொடுக்கிறார்கள். சர்வரில் வேறு நோட் இருக்கிறதா, அது எந்தப் பதிப்பு என்று கிபானா கேட்பதே இல்லை. உபுண்டுவின் காலண்டரும் நோட்டின் காலண்டரும் மோதும் அந்தப் பிரச்னை இதோடு முடிந்தது.

அதே நேரம் மற்ற எல்லாவற்றிலும் லினக்ஸின் ஒழுங்கை அது மதிக்கிறது. நிரல் ‘யூஎஸ்ஆர்’ ஃபோல்டருக்குள் போகிறது. செட்டிங்ஸ் ‘ஈடிசி’யில். டேட்டாவும் லாக்கும் ‘வார்’ ஃபோல்டருக்குள். ஓடுவதற்குத் தனியாக ஒரு பயனர் கணக்கு. தொடங்கவும் நிறுத்தவும் சிஸ்டம்டி சர்வீஸ். புதிதாக வேலைக்குச் சேர்ந்த லினக்ஸ் அட்மின் ஒருவர், கிபானாவைப் பற்றி எதுவும் தெரியாமலே, செட்டிங்ஸ் எங்கே இருக்கும், லாக் எங்கே இருக்கும் என்று ஊகித்துவிடலாம். ஊகிக்க முடிவதுதான் இரவு இரண்டு மணிக்கு உதவும்.

எப்படிச் செய்வது?

பெரிய கம்பெனிக்குத்தான் இது முடியும் என்று நினைக்க வேண்டாம். ஒரு டெப் ஃபைல் என்பது மாய வித்தை இல்லை. எங்கே எந்த ஃபைல் போக வேண்டும் என்ற ஒரு மூட்டை, பெயரும் பதிப்பும் சொல்லும் ஒரு சீட்டு, நிறுவும்போதும் நீக்கும்போதும் ஓட வேண்டிய சில ஸ்கிரிப்ட்கள், அவ்வளவுதான். ‘எஃப்பிஎம்’, ‘என்எஃப்பிஎம்’ போன்ற கருவிகள் இதை ஒரு மதியத்தில் செய்யக்கூடிய வேலையாக்கிவிட்டன.

வரிசை இதுதான். சர்வரில் இருக்கும் அதே லினக்ஸ், அதே வகை பிராசஸர் கொண்ட ஒரு தனி பில்ட் மெஷின் எடுத்துக்கொள்ளுங்கள். பல பதிப்புகளில் ஓட வேண்டும் என்றால் அவற்றில் பழையதில் கட்டுங்கள், உபுண்டு 24.04-இல் கம்பைல் செய்ததை 20.04-இல் போட்டால் ‘ஜிலிப்சி’ பதிப்பு போதவில்லை என்று மறுத்துவிடலாம். அங்கே லாக் ஃபைலோடு ‘என்பிஎம் சிஐ’ ஓட்டி, டெஸ்ட் முடித்து, பிறகு டெவலப்மென்ட்டுக்கு மட்டும் தேவைப்பட்ட பேக்கேஜ்களைக் கழித்துவிடுங்கள். நோட்டையும் சேர்த்து மூட்டை கட்டுங்கள். சொந்தமாக ஒரு ரெபாசிட்டரி வைத்து, சாவியால் கையெழுத்திட்டு அதில் ஏற்றுங்கள். சர்வர் அங்கிருந்து மட்டும் எடுத்துக்கொள்ளும்.

செட்டிங்ஸ் ஃபைலை ‘கான்ஃபைல்’ என்று குறித்துவிட்டால், அப்டேட் வரும்போது அட்மின் கையால் மாற்றியதை டிபிகேஜி சத்தமில்லாமல் அழிக்காது, ‘எதை வைத்துக்கொள்ளட்டும்?’ என்று கேட்கும். சிஸ்டம்டி ஃபைலில் தனிப் பயனர், விழுந்தால் திரும்பத் தொடங்கும் ‘ரீஸ்டார்ட்’ வரி, ஃபைல்களைத் தொடவிடாமல் தடுக்கும் ‘புரொடெக்ட் சிஸ்டம்’ வரி ஆகியவற்றைச் சேர்க்கலாம். பிஎம்2 செய்யும் முக்கிய வேலைகளில் பல இங்கே ஏற்கெனவே இருக்கின்றன. ஒரு எச்சரிக்கை: இணையத்தில் கிடைக்கும் பாதுகாப்புப் பட்டியலை அப்படியே ஒட்டினால், ‘மெமரி டினை ரைட் எக்ஸிகியூட்’ என்ற வரி நோட்டைக் கிளம்பவே விடாது. ஓடும்போதே மெஷின் கோட் எழுதிக்கொள்வதுதான் வி8 எஞ்சினின் வேகத்துக்குக் காரணம்; அந்த வரி அதைத்தான் தடுக்கிறது.

80-ஆம் போர்ட்டுக்காக ஆப்பை ரூட்டாக ஓட்டவும் தேவையில்லை. முன்னால் ஒரு என்ஜின்எக்ஸ் வைக்கலாம். இல்லையென்றால் அந்த ஒரு அனுமதியை மட்டும் சிஸ்டம்டி வழியாகக் கொடுக்கலாம்.

இதற்கும் விலை உண்டு

இந்த வழியில் எல்லாமே லாபம் என்று சொன்னால் அது விளம்பரம். நோட்டை உள்ளே கட்டிக்கொண்ட நிமிடத்திலிருந்து, அதன் பாதுகாப்பு உங்கள் பொறுப்பு. நோட்டின் அதிகாரபூர்வ பைனரிக்குள் ஓபன்எஸ்எஸ்எல் லைப்ரரியும் சேர்ந்தே இருக்கிறது. நாளை ஓபன்எஸ்எஸ்எல்லில் ஒரு பெரிய ஓட்டை தெரியவந்து, அட்மின் ‘ஏபிடி அப்கிரேட்’ அடித்தால் சிஸ்டத்தில் இருப்பது சரியாகும். உங்கள் மூட்டைக்குள் இருப்பது அப்படியேதான் இருக்கும். டெபியன் பல வருடமாக ‘தனித்தனியாக வை’ என்று மல்லுக்கட்டியதன் நியாயம் இதுதான். அந்த நியாயத்தை ஒதுக்கிவிட்டு வசதியை மட்டும் எடுத்துக்கொள்ள முடியாது.

ஆகவே மூட்டை கட்டும் டீம், திரும்பக் கட்டவும் தயாராக இருக்க வேண்டும். நோட்டின் பாதுகாப்பு அறிவிப்பு வந்த அன்றே புது பேக்கேஜ் வெளியே வரும்படி எல்லாம் தானியங்கியாக இருக்க வேண்டும். ‘என்பிஎம் எஸ்பாம்’ கமாண்ட் உள்ளே இருக்கும் என்பிஎம் பேக்கேஜ்களுக்குப் பட்டியல் தரும். ஒவ்வொரு பேக்கேஜோடும் அதைச் சேமித்து வைத்தால், ‘அந்த ஓட்டை விழுந்த லைப்ரரி நம்மகிட்ட இருக்கா?’ என்று மேனேஜர் கேட்கும்போது ஐந்து நிமிடத்தில் பதில் சொல்லலாம். இதற்கு ஆள் இல்லாத டீம் நோட்டைத் தன் மூட்டைக்குள் கட்டாமல், டிஸ்ட்ரோ தரும் நோட் பதிப்பிலேயே ஓடும்படி ஆப்பை எழுதுவது நல்லது. புதுமை கொஞ்சம் குறையும், தூக்கம் கொஞ்சம் கூடும்.

எந்த வழியானாலும், சர்வரில் நேரடியாக ‘என்பிஎம் இன்ஸ்டால்’ அடிப்பதை மட்டும் நியாயப்படுத்தவே முடியாது. அதில் டெபியனின் பாதுகாப்பும் இல்லை, மூட்டையின் உறுதியும் இல்லை. வேகமாக முடிந்ததுபோல் தெரிவது, அன்று செய்யாத வேலை இன்னொரு நாளுக்குத் தள்ளிப்போவதால்தான். அந்த இன்னொரு நாள் பெரும்பாலும், அதைச் செய்தவர் ஊரில் இல்லாத நாளாகவே இருக்கும்.

டீம் எந்த நிலையில் இருக்கிறது என்று தெரிந்துகொள்ள ஒரு எளிய சோதனை போதும். இந்த வாரம் ஒரு காலி சர்வரை எடுங்கள். நிறுவ வேண்டிய ஃபைலை அதில் வைத்துவிட்டு, இணையத்தைத் துண்டியுங்கள். ஆப்பை எழுதாத ஒருவரிடம் கொடுத்து, ஏற்றி ஓட்டச் சொல்லுங்கள். பிறகு முந்தைய பதிப்புக்குத் திரும்பச் சொல்லுங்கள். அவர் யாருக்கும் போன் போடாமல் முடித்துவிட்டால் உங்கள் ஆப் ஒழுங்காக பேக்கேஜ் ஆகியிருக்கிறது. போன் போட்டால், எதைக் கேட்பதற்காகப் போட்டாரோ அதுதான் அடுத்து மூட்டைக்குள் போக வேண்டியது.